ஒன்பதாவது பலூன்

பதினொரு வருடம் மைக் செட் கட்டியவன் நான்.
ஆடிப் பண்டிகைக்குக் குகையில் கட்டிய குழாய்
அம்மாபேட்டையில் கேட்க வேண்டும்.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

முதல் நாளே ஜெனோவா
சிவப்பு விளக்கைத் தொட்டுக் காட்டினாள்:
"இது எரிஞ்சா போச்சு.
தலைக்கு மேல இடம் விடுங்கண்ணா,
பதினெட்டு டெசிபல்."
என்னைவிடப் பதினாறு வயது சின்னவள்.
இடம் விட்டுப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

ஃபேர்லாண்ட்ஸ், இரண்டாம் மாடி.
கீழே பல் டாக்டர்.
யாருக்காவது கடைவாய்ப்பல்லைக் குடைந்தால்
எங்கள் டேக் நெடுக ஒரு கோடு விழும்,
ஆறாயிரம் ஹெர்ட்ஸில், வெள்ளை இழையாக.
சோற்றில் கிடக்கும் முடியைப் போல
அதை எடுத்துப் போடக் கற்றேன்.
ஒருநாள் கூடுதலாக எடுத்துவிட்டேன்.
சேலம் என்று சொன்னவர்
ஏலம் என்றார்.

மூன்றாம் வாரம் இரண்டு மைக்.
கஞ்சிராவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.
தனித்தனியே கேட்டால் இரண்டும் சரி.
சேர்த்தால் அடிவயிறு இல்லாத சத்தம்.
ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாக்கினாள்,
வயிறு வந்துவிட்டது.
அன்று ராத்திரி பத்மாசினியும் நானும்
பேசாமல் சாப்பிட்டோம்.
அந்தப் பொத்தான் எங்கே இருக்கும் என்று யோசித்தபடி
ரசம் ஊற்றிக்கொண்டேன்.

பங்குனிக் கடைசி ஞாயிறு ஏற்காடு ஏறினோம்,
அவள் ஸ்கூட்டி முன்னால்,
என் டிவிஎஸ் மூச்சு வாங்கிப் பின்னால்.
ஏழாவது கொண்டை ஊசியில் இடது காது அடைத்தது,
பதின்மூன்றில் வலது.
சத்தம் பிடிக்கப் போகிறவனுக்கு நல்ல சகுனம்.

நாகலூர் தாண்டி ஒரு காப்பிக் கிடங்கு.
கொட்டையெல்லாம் லாரி ஏறிவிட்டது.
பாட்டு இல்லை, பாடுகிறவர் இல்லை,
பிடிக்க வந்தது அறையை.
முதல் அக்ரகாரத்தில் வாங்கிய பத்து பலூன்.
ஊதுவது நான். குண்டூசி அவள்.

டப்.

பிறகு யாரும் அசையக் கூடாது,
சுவர், தகரம், எதிர்ச்சுவர்,
மூலையில் சாய்த்த பலகை
எல்லாம் தத்தம் பதிலைச் சொல்லி முடிக்கும் வரை.
மூன்றரை நொடி.
மூன்றரை நொடி எவ்வளவு நீளம் என்று
மைக் செட்காரனுக்கு யார் சொன்னது?

முதல் பலூனில் என் கைக்கடிகாரம்.
இரண்டில் வயிறு, முந்தின நாள் தின்ற தட்டுவடை செட்.
நான்கில் வெளியே காட்டெருமை ஒன்று செருமியது.
அதற்கு மட்டும் தனிப் பெயர் கொடுத்து
அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.
ஆறு சுத்தம் என்றுதான் நினைத்தேன்.
"மூச்சை அடக்குறீங்க, கேக்குது."
அடக்கினால் கேட்குமா?
ஹெட்ஃபோனைக் கழற்றித் தந்தாள்.
சட்டைத் துணி இறுகும் ஓசை.
நான்தான்.

ஒன்பதாவதை ஊதிக் கொடுத்துவிட்டு
வெளியே போய்
சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன்.
உள்ளே என் மூச்சு
நான் இல்லாமல் ஒருமுறை வெடித்தது.

திங்கட்கிழமை. டாக்டர் லீவு.
பழைய பயிற்சிக் கோப்பில் என் குரல் கிடந்தது:
ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.
அதைத் தூக்கிக் கிடங்குக்குள் வைத்தாள்.
த்ரீ முடிந்த பிறகும்
நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்,
தகரத்துக்கு அடியில், யாரோ போல,
அவசரமே இல்லாமல்.

திரையில் ஒரு திருகு.
இந்தக் கோடி உலர்வு, அந்தக் கோடி ஈரம்.
கொட்டை காயவைக்கிற இடத்துக்கு
ஈரம் என்று பெயர் வைத்தவன் எவனோ.
"பன்னிரண்டு போதும்ணா,
மேல போனா சொல்லு கரைஞ்சிடும்."
டீ சொல்ல இறங்கிப் போனாள்.

பதினான்கில் வைத்தேன்.
கண்ணை மூடிக் கேட்டேன்.
படியில் அவள் செருப்புச் சத்தம் வந்ததும்
பதின்மூன்று.